அறுபது வீடுகளும் என் வாயும்

9 ஜூன் 2012, சனி

மழை. சாதாரண மழை அல்ல. நோவா பார்த்திருந்தால் பெட்டகத்துக்கு இன்னொரு மாடி எழுப்பியிருப்பார். காலை ஆறு மணிக்குக் கரண்ட் போனது. வந்தால் எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை:
– மாதா கோயில் கோபுரத்துக் கிழக்குக் குழாய் ஒலிபெருக்கி. உப்புக்காற்று தின்றுவிட்டது. சளி பிடித்த ஆடு மாதிரி கத்துகிறது.
– ஜெனரேட்டருக்கு டீசல்.
– செவ்வாய்க் கல்யாணம்: ஸ்பீக்கர் பெட்டி நான்கு, குழல்விளக்கு இருபது.
– இடுப்புக்குத் தைலம்.

பிற்காலச் சரித்திரத்துக்காக ஒரு வரி. இந்தக் கரையில் முப்பது வருடமாக மைக்செட் வைத்து, மைக் பிடிப்பவன் நான் ஒருவன்தான். சாவு, கல்யாண ஓலை, திருவிழா, காணாமல் போன ஆடு, குழாயில் தண்ணீர், எல்லாம் கோயில் மைக்கில் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். நான் அறிவிக்காத சாவைச் செத்தவரே நம்புவதில்லை.

மத்தியானம் ஜெனி வந்தாள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கை ஸ்டெல்லாவின் ஒரே மகள். நாகர்கோவிலில் காலேஜ், இரண்டாம் வருடம். (இனி ஜெ.) கூடவே அவள் சிநேகிதி, குளச்சல் ரிஸ்வானா. (ரி.) இரண்டு பெண்களும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். ரி.யின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய லேப்டாப் மட்டும் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் மகாராணி மாதிரி உலர்ந்திருந்தது.

"மாமா, நாலு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ எடுக்கோம். கடல் நம்ம கரைய அரிக்குதுல்லா, அதப் பத்தி. நீங்க பேசணும்."

"அத யாரு பாக்கப் போறா?"

"இன்டர்நெட்ல போடுவோம். உலகம் பூரா பாக்கும்."

உலகம் இத்தனை காலம் எப்படிச் சமாளித்தது என்று தெரியவில்லை. வெள்ளை வேட்டியை நீலம் போட்டு வைக்கச் சொன்னேன். ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து: "இந்த மழையில எங்க காயப்போடுவேன், உம்ம தலையிலயா?"

10 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து படப்பிடிப்பு. இடம்: சிமெண்ட் ரோடு அந்தரத்தில் முடிந்து கீழே கடல் நுரைக்கும் முனை. முன்பு அது ரோட்டின் நடு. அதற்கு அப்பால் இன்னும் ஒரு தெரு இருந்தது, மூன்று ஆடி மாதத்துக்கு முன் வரை.

ஜெ. போனைப் பிடித்தாள். ரி. எனக்குப் பின்னால் நின்று காற்றில் பறந்த வேட்டியைப் பிடித்தாள். இரண்டாவதுதான் கடினமான வேலை.

பேசினேன். என்னமாய்ப் பேசினேன்!

"என் சின்ன வயசுல இந்தக் கரையிலேர்ந்து தண்ணியத் தொடப் போறவன் சோறு கட்டிட்டுப் போவான். போறப்ப மீச இருக்காது. திரும்பி வாறப்ப மீச இருக்கும்! அப்பேர்ப்பட்ட கரை. அத்தன மணலையும் இந்தக் கடல் நக்கித் தின்னுது. கேட்டுக்கிடுங்க உலக மக்களே, அறுபது வீடு! ஒரே மழைக்காலத்துல அறுபது வீடு!"

ரி. சிரிப்பை அடக்க முடியாமல் வேட்டியை விட்டுவிட்டாள். அந்தப் பகுதியை வெட்டிவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.

மீசையையும் வெட்டிவிட்டார்களாம். "அது இங்கிலீஷ்ல வராது மாமா." அறுபது இங்கிலீஷில் வருமாம். அதை விட்டிருக்கிறார்கள்.

12 ஜூன், செவ்வாய்

கல்யாணம் நல்லபடியாக. மாப்பிள்ளையை "கடலையே கைக்குட்டையாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் வீரர்" என்று அறிவித்தேன். பெண் வீட்டார் கைதட்டினார்கள். மாப்பிள்ளைக்கு வள்ளத்தில் ஏறினாலே வாந்தி வரும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

குளச்சலில் ரி. வீட்டிலிருந்து வீடியோவை ஏற்றினார்கள். ஏற ஐந்து மணி நேரம். நடுவில் இரண்டு முறை கரண்ட் போய் முதலிலிருந்து. ஒரு வள்ளத்தை மருந்துவாழ் மலைமேல் ஏற்றியிருந்தால் அதற்குள் ஏறியிருக்கும்.

14 ஜூன், வியாழன்

ஜெ. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். ஓடி வந்து பேச முடியாமல் என் தோளைக் குத்தினாள்.

பசிபிக் கடலில் ஒரு தீவு. வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும். அங்கே தெரேசியா என்று ஒரு பெண், இவள் வயது. அவர்கள் கோயில் வாசல் வரை கடல் வருகிறதாம், பூசைக்கு முழங்கால் தண்ணீரில் போகிறார்களாம். நம் வீடியோவைப் பார்த்து எழுதியிருக்கிறாள். "உங்கள் மாமா பேசுவது ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எங்கள் மாமாவும் இப்படித்தான் கையை ஆட்டுவார்."

நம்மவர்தான். சந்தேகமே இல்லை.

அவளும் வேறு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து இணையத்தில் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள், முப்பதாம் தேதி. கடல் ஏறுவதைப் பற்றி எந்த நாடு என்ன செய்யவேண்டும் என்று முடிவெடுக்கும் பெரிய மாநாட்டுக்குப் போகும் அதிகாரிகள் சிலர் வந்து கேட்பார்களாம். ஜெ.க்குப் பத்து நிமிடம்.

"பத்து நிமிஷம் மாமா! நம்ம ஊரு பேரு அங்க கேக்கும்."

பத்து நிமிடத்தில் நான் இரண்டு சாவும் ஒரு திருவிழாவும் அறிவித்துவிடுவேன் என்று சொன்னேன்.

16 ஜூன், சனி

மழை இல்லை. வெயிலும் இல்லை. வானம் அழுக்குத் துணி மாதிரி.

காலையில் கட்டஞ்சாயா வரவில்லை. சனிக்கிழமை சாயா ஜெ. போட்டுக் கொண்டுவருவது வழக்கம். எட்டு மணி, ஒன்பது மணி. நானாகப் போய்க் கேட்டேன். லேப்டாப் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரி. பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு.

நார்வேயிலிருந்து லார்ஸ் என்ற பையனின் கடிதம். கூட்டத்தில் பேசப்போகிறவர்கள் சொல்வதெல்லாம் சரியா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. ஜெ. தமிழில் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்:

"கரை போனது நிஜம், அத நானே படத்துல அளந்து பாத்தேன்னு எழுதியிருக்கான். ஆனா வானத்துலேர்ந்து எடுத்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் வச்சு எண்ணினா, காணாமப் போன கூரை ஒம்பது. அறுபது எங்கன்னு கேக்கான். இருபத்திமூணாம் தேதிக்குள்ள சரியான கணக்கு வேணுமாம். வரலன்னா அந்தப் பத்து நிமிஷத்த வேற கரைக்குக் குடுக்கணுமாம்."

"அவ்வளவு உயரத்திலேர்ந்து பாத்தா அவனுக்கு என்ன தெரியும்? கோழிக்கூடும் வீடும் ஒண்ணு போலத்தான் தெரியும்."

"மாமா, எத்தன வீடு?"

"மூணு வருஷமா மைக்ல நான் அறுபதுன்னுதானே..."

"அதான். மூணு வருஷமா கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன். எண்ணிப் பாக்கணும்னே தோணல. எத்தன வீடு மாமா?"

ஒன்பது. எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடல் விழுங்கியது ஒன்பது. மீதி ஐம்பத்தொன்றை விழுங்கியது இந்த வாய்.

ஜெ. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரி.தான் மெதுவாக: "மாமா பேசுறத வெட்டிட்டு, வேற ஆள வச்சு எடுத்துப் போடலாம் ஜெனி."

ஜெ.: "வேண்டாம். மாமாதான் வேணும்."

சாயாவை நானே போட்டுக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

17 ஜூன், ஞாயிறு

கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையின் பெர்க்மான்ஸ் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் பிடித்துக்கொண்டார். தூண்டில் வளைவு கேட்டு, அதாவது அலையை உடைக்கக் கடலுக்குள் கல் போட்டு நீட்டும் சுவர் கேட்டு, அரசாங்கத்துக்கு மனு எழுதுவதெல்லாம் அவர் கை. அந்த மனுவிலும் அறுபதுதான். என் மைக்கில் கேட்டு அவர் எழுதினார். அவர் மனுவைக் காட்டி நான் மைக்கில் சொன்னேன். இப்படி ஒருவர் தோளில் ஒருவர் ஏறி அறுபதை எட்டினோம்.

"வே தனிஸ்லாசு, உம்ம மருமவ ஒம்பதுன்னு திருத்தப் போறாளாமே? மண்டைக்கு வழியில்லியா? அறுபதுன்னு குடுத்தா ஆபீஸ்ல முப்பதா வெட்டுவான். முப்பதுன்னு குடுத்தா பதினஞ்சு. ஒம்பதுன்னு குடுத்தா என்ன வரும்? ரெண்டு லோடு மணலும் ஒரு போட்டோவும் வரும்."

"அவ அரசாங்கத்துக்குச் சொல்லல, உலகத்துக்குச் சொல்லுதா."

"உலகம் மட்டும் வெட்டாதா? எல்லாவனும் வெட்டத்தான் செய்வான். நாம கூட்டிச் சொல்லுதது பொய்யில்ல வே. வெட்டுக்கு இடம் விட்டுத் தைக்குதது."

முப்பது வருடம் நானும் இப்படித்தான் தைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஜெ.யிடம் அப்படியே சொன்னேன். அவள்: "அவங்க சொல்லுததும் செரிதான் மாமா. ஆனா லார்ஸ் வெட்ட மாட்டான். அவன் எண்ணுவான். எண்ணுறவன்ட்ட கூட்டிச் சொன்னா, அடுத்த தடவ தெரேசியா சொன்னாலும் நம்ப மாட்டான்."

ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதற்குள் இவ்வளவு நியாயத்தை எங்கே வைத்திருக்கிறாள்?

18 ஜூன், திங்கள்

இரவு மூளை நன்றாக வேலை செய்தது. என் மூளை வேலை செய்தால் ஆரல்வாய்மொழிக் காற்றாலையெல்லாம் சேர்ந்து சுற்றிய மாதிரி.

கூரை ஒன்பது, சரி. ஆனால் ஒரு கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு? சூசையன் வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேர், நாலு அடுப்பு, நாலு சோறு. கோயிலில் வரி வாங்கும் புத்தகத்தில் நாலு குடும்பம். பங்கில் நாம் எண்ணுவதே குடும்பத்தைத்தான், கூரையை அல்ல. வானத்துப் படத்தில் அடுப்பு தெரியுமா?

ஜெ.யிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். போச்சு என்று நினைத்தேன். கட்டஞ்சாயாவோடு திரும்பி வந்தாள்.

"இதுல கூட்டி ஒண்ணும் இல்லையே மாமா?"

"புத்தகத்த நீயே பாரு."

"புத்தகம் மட்டும் போதாது. ஆளப் பாக்கணும். ஒவ்வொருத்தரும் அவங்க வாயாலயே பேரச் சொல்லணும்."

20 ஜூன், புதன்

ஜெ. காலேஜுக்கு மட்டம். ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. (தெரியும். இரண்டு பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, எங்கே என்று கேட்கவில்லை.)

வீட்டை இழந்தவர்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறார்கள். சுனாமி காலனியில் தங்கள் தங்கை வீட்டுத் திண்ணையில் ஒரு குடும்பம். மெயின்ரோட்டில் ஒற்றை அறை வாடகையில் மூன்று. தேங்காப்பட்டணத்தில் பெண்டாட்டி வீட்டோடு ஒன்று. பஸ், நடை, பஸ். இடுப்பு மூன்று துண்டு. நடுத்துண்டு தேங்காப்பட்டணத்திலேயே நின்றுவிட்டது, நாளை கூரியரில் வரும்.

ஜெ. போனை நீட்டுவாள். "உங்க பேரு, அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, ரெண்டு மட்டும் சொல்லுங்க." வேறு எதுவும் கேட்க மாட்டாள். ஆனால் எல்லோரும் வேறு எல்லாவற்றையும் சொன்னார்கள். பாதி வேகாத மரச்சீனிக் கிழங்குப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியதை. ஓடி முடித்துப் பார்த்தால் பானை மட்டும் கையில், பாஸ்போர்ட் வீட்டுக்குள்ளே.

நாலு அடுப்பு வீட்டு மூத்தவர் சூசையன் அண்ணன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம்பேரு எதுக்கு மக்கா? சொன்னா வீடு திரும்பி வருமா?"

"வராது பெரியப்பா. ஆனா அப்படி ஒரு வீடே இல்லன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

அவர் போனை ஏதோ மைக் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழுப் பெயர், அப்பா பெயர், அடுப்பு தெற்குமூலை என்று சத்தமாகச் சொன்னார். என் தொழிலுக்கு ஆபத்து. நல்ல குரல்.

22 ஜூன், வெள்ளி

கரண்ட் கணக்கு: போனது ஏழு முறை. வந்தது ஆறு முறை.

பட்டியலை நல்ல கையெழுத்தில் எழுதி முடித்தேன். இருபத்திரண்டு குடும்பம். ஒரு அடைமொழி கிடையாது. "பண்பாளர்" கிடையாது. "கடலின் தோழர்" கிடையாது. முப்பது வருடத்தில் ஒரு பெயரை இப்படி நிர்வாணமாக நான் விட்டதில்லை.

ஸ்டெல்லா சாளை மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலிருந்து.

"நம்ம வீடு எங்கண்ணே?"

"எந்த வீடு?"

"எந்த வீடா? ஒம்பதாவது கூரை ஆரு கூரை?"

மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

(மறக்கவில்லை. நான் பிறந்த வீடு. அப்பாவின் வீடு. ஸ்டெல்லாவின் ஆட்டுக்கல், தூக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தது, முதல் வருடம் தண்ணீர் வற்றும்போது மணலில் தெரியும். அவள் அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். நான் மட்டும் போய்ப் பார்ப்பேன். இரண்டாம் வருடம் தெரியவில்லை. ஊரில் எவன் கேட்டாலும், மைக்செட் சாமான் வைக்க வசதி என்று மெயின்ரோட்டுக்கு வந்ததாகத்தான் சொல்வேன். அறுபது என்று கத்துவது லேசு. அறுபதில் ஒருவர் வீடும் இல்லை.)

ஸ்டெல்லா மீன் செதில் ஒட்டிய விரலால் பட்டியலின் அடியில் தொட்டுக் காட்டினாள். "இங்க எழுதும். மேரி ஸ்டெல்லா. அடுப்பு மேக்க."

எழுதினேன். இருபத்துமூன்று.

23 ஜூன், சனி

பட்டியலும் குரல்களும் போய்விட்டன. ரி. இரண்டு முறை சரிபார்த்தாள். சூசையன் அண்ணன் குரல் மட்டும் அளவுக்கு மேல் சத்தம், குறைத்தாளாம்.

என்னைப் பற்றி ஜெ. கடிதத்தில் என்ன எழுதினாள் என்று கேட்டேன். "அறுபதுன்னு சொன்னது என் மாமா. அவரு எல்லாத்தையும் கூட்டிச் சொல்லுவாரு. இந்தக் கணக்க அவர்தான் எண்ணினாரு. எண்ணினதுல கூட்டல."

இதைக் கேட்டபின் சாப்பாடு இறங்கவில்லை. நாலு தோசைதான் சாப்பிட்டேன். சரி, ஏழு.

24 ஜூன், ஞாயிறு

லார்ஸ் பதில். பத்து நிமிடம் உறுதி! கூரைக்கும் அடுப்புக்கும் உள்ள வித்தியாசம் தனக்குத் தோன்றவே இல்லை என்றும், மற்றக் கரைகளின் கணக்கையும் இதே மாதிரி திரும்பக் கேட்கப் போவதாகவும் எழுதியிருக்கிறான். கடைசியில் ஒரு வரி: மாமாவும் ஒரு நிமிடம் பேச முடியுமா?

நார்வே வாழ்க. அங்கே மீன் பெருகட்டும்.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கேட்டு மைக்கை எடுத்தேன். மூன்று வருடமாக அறுபது என்று சொன்னது நான்தான், ஒன்பது வீடு, இருபத்துமூன்று குடும்பம், இதுதான் சரி என்றேன். முற்றத்தில் பின்னாலிருந்து ஒருவன்: "அப்போ அந்தத் திருக்கை மீனு? வள்ளத்தவிடப் பெருசுன்னீரே?"

திருக்கை வேறு விஷயம். திருக்கையில் ஒரு அங்குலமும் குறைக்க மாட்டேன்.

பெர்க்மான்ஸ் எழுந்து போனார்.

30 ஜூன், சனி

இந்த நாளை உள்ளபடியே எழுத முயல்கிறேன்.

கூட்டம் மாலை நாலரை, எங்கள் வீட்டில், ரி. வாங்கிவந்த டேட்டா கார்டில். கரண்ட் நாலு மணிக்குப் போனது, லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. ரி. அழ ஆரம்பித்தாள். ஜெ. அழவில்லை, ஆனால் உதடு வெள்ளை. கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தேன். சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மதம் மாறின. இந்தச் சத்தத்தில் யார் பேசுவது? இழுத்துக்கொண்டு போய் நாலாவது வீட்டுக்குப் பின்னால் வைத்து, திருவிழா வயரை எல்லாம் முடிச்சுப் போட்டு இழுத்தேன். மழை தூற ஆரம்பித்தது. குடை பிடிக்க ஆளில்லை.

குடையோடு ஒருவர் வந்தார். பெர்க்மான்ஸ்.

"போம் வே, போய்ப் பேசும். நான் இங்க நிக்கேன்."

"கோவம் தீந்துதா?"

"கோவமா? எங்க வீடு கடல ஒட்டுன சின்னத் தெருவுல இருக்கு. அடுத்தது நாங்கதான். ஒழுங்கா எண்ணுறதுக்கு ஒருத்தி இருந்தா நல்லதுதான், போம்."

அறையில் லேப்டாப்பில் சின்னச் சின்னச் சதுரமாக மனிதர்கள். ஒரு சதுரத்தில் தெரேசியா, தலையில் பூ. ஒரு சதுரத்தில் லார்ஸ். பனங்கிழங்கு மாதிரி மெலிந்து வெளுத்த பையன், பார்த்தால் சோறு போடத் தோன்றுகிறது. மூன்று சதுரங்களில் அதிகாரிகள், கோட்டு.

ஜெ. பேசினாள். இங்கிலீஷ். ஆரம்பத்தில் குரல் ஆடியது, அப்புறம் ஆடவில்லை. நடுவில் குரல்களை ஓட விட்டாள். சூசையன் அண்ணன் தன் பெயரைச் சொன்னபோது ஒரு கோட்டு பேனாவைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். உங்களுக்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று அந்தக் கோட்டுதான் கேட்டார். ஜெ. சொன்னதை ரி. என் காதில் தமிழில் சொன்னாள்: "கடல் எடுத்தத எண்ணும்போது கூரைய மட்டும் எண்ணாதீங்க. அடுப்ப எண்ணுங்க. கூரை போனா ஒண்ணு போச்சுன்னு எழுதிட்டு, மூணு குடும்பத்த விட்டுருதீங்க." தெரேசியா தன் சதுரத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் தீவிலும் ஒரு வீடு என்றால் ஐந்து குடும்பம் என்றாள். கோட்டு எழுதிக்கொண்டார். எழுதியது எங்கே போகும் என்று தெரியாது. எழுதியதைப் பார்த்தேன்.

என் முறை. ஒப்பந்தம்: ஜெ. கை என் முழங்காலில் இருக்கும், நான் எல்லை தாண்டினால் கிள்ளுவாள்.

"என் பேரு தனிஸ்லாஸ். அறுபதுன்னு சொன்னது நான். பிள்ளைகள் இல்ல. ஒம்பது வீடு. இருபத்துமூணு குடும்பம். அதுல ஒண்ணு நாங்க."

மேலே பேச எதுவும் வரவில்லை. எனக்கு! அதனால் பட்டியலை எடுத்துப் பெயர்களைப் படித்தேன். பெயர், அடுப்பு இருந்த மூலை. பெயர், மூலை. பத்தொன்பதாவது பெயரில் நிமிடம் முடிந்ததாகத் திரையில் மணி அடித்தது. நிறுத்தினேன். தெரேசியா ஏதோ சொன்னாள்.

"மிச்சத்தையும் படிக்கச் சொல்லுதா மாமா."

படித்தேன். கடைசிப் பெயரைப் படிக்கும்போது ஸ்டெல்லா கதவுக்குப் பின்னால் நின்றாள். ஜெ.யின் கை முழங்காலிலேயே இருந்தது. ஒரு முறையும் கிள்ளவில்லை.

1 ஜூலை, ஞாயிறு

உடல் முழுக்க வலி. உலகத்தைத் தூக்கி நிறுத்தியதால் இருக்கலாம். வயர் இழுத்ததால் என்கிறாள் ஸ்டெல்லா.

புது வீடியோவில் முதல் வரியாக என் திருத்தத்தைப் போட்டிருக்கிறார்கள். கீழே நார்வேயிலிருந்து ஒருவர்: மாமா எப்போது அடுத்துப் பேசுவார்? லார்ஸின் அம்மாவாம். ரசிகை.

ஜெ. ஒரு புது நோட்டு வாங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் இருபத்துமூன்று பெயரும். மீதிப் பக்கம் காலி. கணக்கை அவ்வப்போது புதுப்பித்து அனுப்புவதாக லார்ஸிடம் ஒப்புக்கொண்டாளாம்.

இவ்வளவு தடி நோட்டு எதற்கு என்று கேட்டேன். கடையில் இதுதான் இருந்தது என்றாள்.

2 ஜூலை, திங்கள்

காற்று. மழை இல்லை. கடல் விடியும் முன்பே ஏறியிருக்கிறது.

ஆறு மணிக்கு ஜெ. தட்டி எழுப்பினாள். சின்னத் தெருவில், பெர்க்மான்ஸ் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, வின்சென்ட் வீடு. கட்டுமரத்தில் போகிறவன், பெண்டாட்டி, கைக்குழந்தை. அடுக்களைச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. சாமானைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தோம். கட்டில், பீரோ, மாதா படம், கேஸ் அடுப்பு. வின்சென்ட் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அடுப்பின் டியூபை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எட்டு மணிக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஜெ. நோட்டைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். பேனா கையில்.

"மாமா, இருபத்திநாலுன்னு போடட்டா?"

"செவருதான மக்கா போச்சு? கூரை நிக்குதுல்லா."

"அடுப்பு வெளிய வந்துட்டே மாமா."

"திரும்பக் கொண்டுவச்சிரலாம். ஒரு செவரு. ரெண்டு நாள் வேல."

பெர்க்மான்ஸ் பக்கத்தில் நின்றார். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. அவரும் போடு என்று சொல்லவில்லை.

"மத்தியானம் வரைக்கும் பாப்போம்ட்டி," என்றேன். "காத்து திரும்பும்."

ஜெ. என்னைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். நோட்டை மூடவில்லை.

மணி பதினொன்றரை. கூரை நிற்கிறது.